வால் அருமை, முழங்கை கொடுமை: ஒரு விஆர் உடம்போட 26 நாள்

பெட்டிய பிரிச்சு இன்னியோட 26 நாள் ஆச்சு. விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் ஒண்ணு, கைக்கு ரெண்டு கன்ட்ரோலர், இடுப்புல மாட்ட அசைவ கண்டுபுடிக்கற ஒரு டிராக்கர், கணுக்கால்ல கட்ட ரெண்டு டிராக்கர், கூடவே அவதார், அதாவது விஆருக்குள்ள நம்ம உடம்பா நிக்கற பொம்ம, அத செய்யற ஒரு ஆப், இதான் மொத்த செட். கம்பெனி பேரு வேணும்னே போடல, ஏன்னா நான் திட்டப்போறதுல பாதி இவங்க ஒருத்தரோட தப்பு மட்டும் இல்ல, இந்த மாதிரி சாமான் விக்கிற நெறய பேரு இதே இடத்துல தான் வழுக்குறாங்க. லென்ஸ் எப்படி, படம் எவ்ளோ ஷார்ப், சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்னு கேட்டு வந்தவங்க இப்பவே கிளம்பிடலாம், அதெல்லாம் ஓகே ரகம், அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. நான் வாங்குனதே ஒரே ஒரு விஷயத்துக்கு. உள்ள இருக்கற கண்ணாடி முன்னாடி நின்னா தெரியுதே ஒரு பொம்ம உடம்பு, அத என் மூளை "இது நான் தான்"னு ஒத்துக்குதா, எப்ப ஒத்துக்குது, எப்ப கைய விடுது. எனக்கு வேலை அனிமேஷன், கேரக்டருக்கு எலும்பு போட்டு ரிக் பண்றவன், பதினொரு வருஷமா அடுத்தவன் ஆட்டற பொம்மைக்கு மூட்டு மாட்டிக் குடுத்திருக்கேன், ஒரு தடவயாவது அந்த பொம்மைக்குள்ள நானே போய் நிக்கணும்னு ஆசை, அவ்ளோதான்.

பெட்டி மேல உடம்பும் உங்களோடது கன்ட்ரோலும் உங்களோடதுங்கற அர்த்தத்துல பெருசா ஒரு வரி போட்ருக்கான். ரெண்டும் ஒண்ணுங்கற மாதிரி. எனக்கு அதுலயே சண்ட. மவுஸ் அம்ப எடுத்துக்கோங்க, நீங்க நெனச்ச எடத்துக்கு நெனச்ச நேரத்துல போகும், கன்ட்ரோல்னா அதான் கன்ட்ரோல், ஆனா யாராச்சும் அத தன் உடம்புல ஒரு பாகம்னு சொல்வாங்களா. அப்பிடியே உல்டாவா, டாக்டர் உங்க கைய புடிச்சு தூக்கிப் பாக்கறார், அசைக்கறது நீங்க இல்ல, ஆனாலும் அது உங்க கை தான், அதுல ஒரு சந்தேகமும் வராது. "என்னோடது"ங்கறது ஒரு உணர்வு, "நான் தான் செஞ்சேன்"ங்கறது வேற உணர்வு. இது நானா சொல்றது இல்ல. 1998ல போட்வினிக், கோஹன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல ஒரு பக்கத்துக்கு மேல போகாத சின்ன கட்டுர எழுதுனாங்க, நெஜக் கைய ஒரு தடுப்புக்குப் பின்னாடி மறச்சு வச்சு, முன்னாடி ஒரு ரப்பர் கைய வச்சு, ரெண்டையும் பிரஷ்ஷால ஒரே நேரத்துல தடவுனா, கொஞ்ச நேரத்துல தடவல் அந்த ரப்பர் கைல தான் படுதுன்னு தோண ஆரம்பிச்சிடுது. ரப்பர் கைய அவங்க அசைக்கவே இல்ல, கன்ட்ரோல் சுத்தமா பூஜ்யம், ஆனா சொந்தம் வந்துடுச்சு.

அதுக்கப்புறம் 2012ல கால்கெர்ட்டும் ஏர்சனும் இத இன்னும் அழகா பிரிச்சு வச்சாங்க. ஒரு பொம்மக் கைய மேல வச்சு, கீழ மறச்சிருக்கற நெஜக் கையோட ஆள்காட்டி விரல அதோட இணைச்சிட்டாங்க. நீங்க விரல தூக்குனா அதுவும் தூக்கும், சொந்தமும் வரும் செஞ்ச உணர்வும் வரும். உங்க விரல வேற ஒருத்தர் தூக்குனா சொந்தம் நிக்கும், நான் செஞ்சேன்ங்கறது போயிடும். பொம்மக் கைய தலைகீழா, விரல் உங்கள பாக்கற மாதிரி திருப்பி வச்சா, அசைக்கறது நான் தான்ங்கறது நிக்கும், ஆனா என் கைங்கறது போயிடும். இத மனசுல வச்சுக்கிட்டு தான் நான் இந்த செட்ட சோதிச்சேன். ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போடணும்னு முடிவு பண்ணேன், கடைசில மூணாவதா ஒரு விஷயத்துக்கும் போட வேண்டியதாயிடுச்சு, அது கீழ வரும்.

மொத நாள். கைய ரெண்டு பக்கமும் நீட்டி சிலுவ மாதிரி நின்னு அளவு குடுத்தாச்சு, கண்ணாடி ரூமுக்குள்ள போயாச்சு. எதிர்ல ஒரு ஆளு நிக்கிறான், என் உயரம், சாம்பல் கலர் டீ ஷர்ட், மூஞ்சி என் மூஞ்சி இல்ல. வலது கைய தூக்குனேன், அவனும் தூக்குனான். குனிஞ்சு என் வயித்த பாத்தேன், டீ ஷர்ட். கால நகத்துனேன், ஷூ நகந்துச்சு. சத்தியமா சொல்றேன் பத்து பதினஞ்சு செகண்டு தான் இருக்கும், ஏதோ ஒண்ணு "டக்"குனு உக்காந்துச்சு. கண்ணாடில இருக்கறவன பாத்து எனக்கு முடி வெட்டணும்னு தோணிச்சு, அவனுக்கு முடி நீளம். வீட்ல எனக்கு முன்மண்ட வழுக்க. இந்த இடத்துல நான் சிரிச்சிட்டேன்.

மூஞ்சி பொருந்தணும்னு அவசியம் இல்லங்கறது தான் இதுல விசேஷம். உடம்பு எங்க இருக்கோ அங்கேருந்தே நீங்க பாக்கணும், குனிஞ்சா உங்க நெஞ்சு இருக்கற இடத்துல அதோட நெஞ்சு இருக்கணும், அசைவு ஒத்துப்போகணும், இது மூணும் இருந்தா மூஞ்சிய மூளை பெருசா கண்டுக்கறது இல்ல. 2010ல விஆர் ஆராய்ச்சி பண்ற மெல் ஸ்லேட்டரோட குழு வளந்த ஆம்பளைங்கள ஒரு சின்ன பொண்ணோட உடம்புக்குள்ள நிக்க வச்சுப் பாத்தாங்க, அங்கயும் முக்கியமா கைகொடுத்தது அந்த உடம்போட கண்ணு வழியா பாக்கறது தான். இந்த ஆப்புல தோளுக்குப் பின்னாடி கேமரா நிக்கற மோட் ஒண்ணு இருக்கு, அத போட்டா கன்ட்ரோல் அப்பிடியே இருக்கு, ஆனா அடுத்த நிமிஷமே அவன் யாரோ ஆயிடுறான், நான் அவன ஓட்டறவன் ஆயிடுறேன், கார் ஓட்டற மாதிரி. ரெண்டு மோடையும் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க, நான் சொல்ற வித்தியாசம் புத்தகம் படிக்காமலே புரிஞ்சிடும்.

இப்ப திட்டு. முழங்கை.

இந்த செட்டுக்கு உங்க தல எங்க இருக்குனு தெரியும், மணிக்கட்டு எங்க இருக்குனு தெரியும், நடுவுல முழங்கை எங்க இருக்குனு தெரியாது. அது கணக்கு போட்டு ஊகிக்குது, எங்க வேலைல இத ஐகேனு சொல்வோம், தோளும் மணிக்கட்டும் தெரிஞ்சா முழங்கை ஒரு வட்டத்துல எங்க வேணா இருக்கலாம், அதுல ஒரு இடத்த தேர்ந்தெடுக்கணும். நீங்க கைய முன்னாடி நீட்டற வரைக்கும் ஊகம் சரியா வரும். பின்னந்தலைய சொறியப் போனீங்க, போச்சு. எனக்கு மூணாவது நாள் அப்பிடி தான் ஆச்சு, காது ஓரத்துல அரிச்சுதுனு கைய கொண்டு போறேன், கண்ணாடில அவன் முழங்கை அப்பிடியே உள்பக்கமா, மார்புக்கு நேரா மடங்குது, கோழி ரெக்கைய முறுக்குன மாதிரி. வயித்துல ஒரு பொரட்டல். கவனிங்க, அந்த நேரத்துல அவன் கை சரியா காதுகிட்ட தான் இருக்கு, விரல் சரியா சொறியுது, கன்ட்ரோல்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா உடம்பு என்ன விட்டுப் போயிடுச்சு. வந்தது பத்து செகண்டுல, போனது அர செகண்டுல, திரும்ப ஒட்ட வைக்க ஒரு நிமிஷத்துக்கு மேல கைய தூக்கி எறக்கி ஆட வேண்டியிருந்துச்சு. முழங்கைக்கு தனியா டிராக்கர் விக்கிறான், எக்ஸ்ட்ரா காசு. ஏன்டா, மொதல்லயே தெரியும்ல உனக்கு.

ஆனா நியாயமா சொல்லணும்னா நீளத்த மூளை தாராளமா மன்னிக்குது. கைய நீட்டற ஸ்லைடர் ஒண்ணு இருக்கு, அத தள்ளி கைய ரெண்டு மடங்கு ஆக்குனேன், குரங்கு மாதிரி தரைய தொடுது, அப்பவும் என் கை தான். கில்தேனி அப்பிடிங்கறவங்களும் ஸ்லேட்டர் குழுவும் 2012லயே மூணு மடங்கு நீளம் வரைக்கும் சொந்த உணர்வு தாங்குதுனு காட்டியிருக்காங்க. மூணு மடங்கு நீளக் கைய ஏத்துக்கற மூளை, தப்பா மடங்குன முழங்கைய ஏத்துக்க மாட்டேங்குது. நான் ரிக் பண்ற பசங்களுக்கு இத தான் சொல்லிட்டு இருக்கேன், அளவு தப்பானா கார்ட்டூன், மூட்டு தப்பானா பொணம்.

தாமதம் பத்தி ஒரு வார்த்த. ஹெட்செட்ட தனியா ஓட்டுனா பிரச்சன இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்து வயர் இல்லாம அனுப்பற மோட்ல, வீட்ல வைஃபை கொஞ்சம் நெரிசலானா கை தண்ணிக்குள்ள போற மாதிரி பின்னாடியே வருது. நம்மள நாமளே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியாதுல்ல, ஏன்னா நம்ம அசைவோட விளைவு என்னனு மூளை முன்கூட்டியே கணக்கு போட்டு வச்சு அத கழிச்சிடுது. பிளேக்மோர் குழு ஒரு ரோபோ கைய நடுவுல வச்சு, நீங்க அசைக்கறதுக்கும் அது உங்க உள்ளங்கைல தடவறதுக்கும் நடுவுல செகண்டுல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குனு இடைவெளி விட்டாங்க, இடைவெளி கூடக் கூட கூச்சம் கூடிப்போச்சு. அதாவது அவ்ளோ துளி தாமதத்துலயே "இத செஞ்சது வேற எவனோ"ங்கற சந்தேகம் மூளைக்கு வந்துடுது. அதனால வைஃபை மோட வாங்கற அன்னிக்கே மறந்துடுங்க, வயர் போட்டுக்கோங்க.

இனி வால்.

ஆப்புல அவதாருக்கு வால் மாட்டலாம். இடுப்ப எந்தப் பக்கம் ஆட்டறீங்களோ அதுக்கேத்த மாதிரி வால் வீசும். மொதல்ல இது சும்மா விளையாட்டுனு விட்டுட்டேன். போன ஞாயித்துக்கெழம அக்காவும் அக்கா பொண்ணும் வந்திருந்தாங்க, அவளுக்கு பதினாலு வயசு, ஹெட்செட்ட பாத்ததும் விடல. ஒரு நரி உடம்பு எடுத்துக்கிட்டா, பெரிய வால், பறந்து வர்ற பந்த வாலால அடிக்கற கேம். மொத அஞ்சு நிமிஷம் இடுப்ப ஆட்டி ஆட்டி தடுமாறுனா, அக்கா வீடியோ எடுத்து சிரிச்சிட்டு இருந்தா. பத்து நிமிஷத்துக்கு மேல ஆனதும் இடுப்பு பெருசா ஆடவே இல்ல, சின்னதா ஒரு வெட்டு, பந்து போயிடுது. அப்போ வயர் சுத்திக்கிச்சுனு நான் அவளுக்குப் பின்னாடி போய் நின்னு வயர தூக்கிப் புடிச்சேன், "ஒரு நிமிஷம் இரு"ன்னு சொன்னது தான், என் குரல் பின்னாடி பக்கத்துல கேட்டதும் அவ சடார்னு இடுப்ப அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு கத்துனா, "அய்யோ மாமா, வால் மேல நிக்காதீங்க!"

ரூம்ல ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் மூணு பேரும் சிரிச்சோம், அவ தான் ஜாஸ்தி சிரிச்சா. ஆனா அந்த இடுப்ப இழுத்தது நடிப்பு இல்ல. எனக்கு அது தெரியும், ஏன்னா நானும் அதுக்கப்புறம் வால் மாட்டிப் பாத்தேன், ஒரு மணி நேரம் கழிச்சு ஹெட்செட்ட கழட்டிட்டு சேர்ல உக்காரும்போது ஒரு கணம் பின்னாடி இடம் விட்டு உக்காந்தேன், யார்கிட்டயும் சொல்லல. 2013ல ஸ்டெப்டோ, ஸ்டீட், ஸ்லேட்டர் மூணு பேரும் இதயே தான் செஞ்சு பாத்திருக்காங்க, மனுஷ உடம்புக்கு வால், ஒரு கூட்டத்துக்கு இடுப்பு அசைவுக்கு ஏத்தபடி ஆடும், இன்னொரு கூட்டத்துக்கு அது இஷ்டத்துக்கு ஆடும். இடுப்போட ஒத்து ஆடுன வால் தான் சொந்தமாச்சு, அந்த கூட்டத்துக்கு தான் வாலுக்கு ஆபத்துன்னா பதட்டமும் வந்துச்சு. பொறந்ததுல இருந்து வாலே இல்லாத ஒரு ஜீவனுக்கு கன்ட்ரோல் வழியா சொந்தம் வருது பாருங்க. ரப்பர் கைல கன்ட்ரோல் இல்லாமலே வந்த சொந்தம், வால்ல கன்ட்ரோல கொண்டு தான் வருது. ரெண்டும் தனித்தனினு நான் மேல சொன்னது சரி, ஆனா ஒண்ணு இன்னொண்ண கைய புடிச்சு கூட்டிட்டும் வரும். வாலுக்கு பத்துக்கு ஒம்போதர.

குழந்த உடம்பு மோட பத்தி சுருக்கமா, மேசை என் தாடை உயரத்துக்கு இருந்துச்சு, அது எதிர்பாத்தது தான். பனாகோ குழுவோட 2013 ஆராய்ச்சில நாலு வயசு குழந்த உடம்புல நின்னவங்க பொருள்களோட அளவ ஜாஸ்தியா மதிப்பிட்டாங்க, அதே உயரத்துக்கு சுருக்குன பெரியவங்க உடம்புல நின்னவங்களும் ஜாஸ்தியா தான் சொன்னாங்க, ஆனா அவ்ளோ இல்ல. உயரம் மட்டும் இல்ல, "நான் குழந்த"ங்கறதும் கண்ண மாத்துது. இந்த செட்ல குழந்த உடம்புக்கு தலய மட்டும் பெருசாக்கி விட்ருக்கான், கை கால் பெரியவங்க விகிதம், சோம்பேறி வேலை.

சரி, மூணாவது மார்க். இதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன்.

செட்டிங்ல உள்ள போனா "உயிரோட்டம்"னு ஒரு சுவிட்ச் இருக்கு, வாங்கும்போதே ஆன்ல தான் வருது. நீங்க அசையாம நின்னா பொம்ம செத்த மாதிரி தெரியக்கூடாதுனு அதுவே மூச்சு விடும், கால மாத்தி நிக்கும், யாராச்சும் பேசுனா லேசா தலயாட்டும். நல்ல எண்ணம் தான், நானே வேலைல இத செஞ்சிருக்கேன், ஐடில் அனிமேஷன் இல்லாம கேரக்டர் அனுப்புனா டைரக்டர் திருப்பி அனுப்புவார். பதினேழாவது நாள் ஒரு ஆபீஸ் மீட்டிங், விளையாட்டா விஆர்ல வச்சுக்கிட்டோம், ஆறு பேர். டெட்லைன ரெண்டு நாள் முன்னாடி தள்ளலாமானு ஒரு பேச்சு. நான் யோசிச்சிட்டு இருந்தேன், பதிலே சொல்லல. மீட்டிங் முடிஞ்சு மெசேஜ் வருது, "அண்ணா ஓகே சொல்லிட்டார், ரிக் புதன்கெழமைக்குள்ள வந்துடும்". நான் எங்கடா ஓகே சொன்னேன்னு கேட்டா, "தலயாட்டுனீங்களே அண்ணா, எல்லாரும் பாத்தோமே".

இதுல வயித்தெரிச்சல் டெட்லைன் இல்ல. அத கேட்டதும் எனக்கே ஞாபகம் வந்துச்சு, ஆமா தலயாட்டுன மாதிரி தான் இருக்கு. எதிர்ச் சுவர்ல கண்ணாடி இருந்துச்சு, அதுல நான் தலயாட்டறத நானே பாத்திருக்கேன், பாத்த அந்த நேரத்துல உறுத்தவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு தனியா நின்னு சோதிச்சேன், கழுத்த இறுக்கி வச்சுக்கிட்டு ஒரு பதிவு செஞ்ச பேச்ச ஓட விட்டேன், அவன் தலயாட்டறான், நான் இல்ல. அப்பத்தான் முதுகு சில்லுன்னுச்சு. உடம்பு என்னோடதுன்னு ஒருக்கா ஒத்துக்கிட்டா அது செய்யறதையும் நான் செஞ்சதா மூளை கணக்குல சேத்துக்குது. 2014ல பனாகோவும் ஸ்லேட்டரும் இத பேச்ச வச்சு காட்டிட்டாங்க, விஆர் உடம்பு தானா பேசுது, ஆளு வாயே தொறக்கல, ஆனா நான் தான் பேசுனேன்ங்கற உணர்வு வருது, அது மட்டும் இல்ல அப்புறம் நெஜமா பேசும்போது குரலோட சுருதியும் அந்த உடம்போட குரல் பக்கமா நகருது. சேர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு உடம்பு நடக்கற மாதிரி காட்டுனா நான் தான் நடக்கறேன்னு தோணறதையும் 2016ல கொக்கினாராவும் ஸ்லேட்டர் குழுவும் சொல்லியிருக்காங்க. இதெல்லாம் பல வருஷமா பேசிட்டு இருக்கற விஷயம், தயாரிக்கறவனுக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சும் அத டிஃபால்ட்டா ஆன்ல வச்சு, எதிர்ல இருக்கறவங்களுக்கு இது அவரா ஆட்டுன தலயா சாஃப்ட்வேர் ஆட்டுன தலயானு ஒரு சின்ன அடையாளம் கூட காட்டாம விட்டிருக்கான். என் உடம்பு எனக்குப் பதிலா சம்மதம் சொல்லியிருக்கு, நானும் அத நம்பியிருக்கேன். இதுக்கு மைனஸ் மார்க் போட இடம் இருந்தா போட்ருப்பேன்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுனேன். "பயனர்கள் இதை விரும்புகிறார்கள்"னு பதில். நானும் விரும்புனேன்டா, அதான பிரச்சனையே.

இன்னொரு வகை சொந்தத்தையும் சொல்லிடறேன், சட்டத்துல வர்ற சொந்தம். அவதார காசு குடுத்து வாங்குனாலும் ஃபைலா வெளிய எடுக்க முடியல, அந்த ஆப்புக்குள்ள மட்டும் தான் வாழும். இருபதாவது நாள் அப்டேட் ஒண்ணு வந்து என் ஆளோட தோள ரெண்டு விரக்கட அகலமாக்கிடுச்சு, கேக்கவும் இல்ல சொல்லவும் இல்ல. கதவு வழியா போகும்போது ஒருக்களிச்சு போறேன் நான், எதுக்குன்னு எனக்கே புரியல, அப்புறம் தான் பழைய ஸ்கிரீன்ஷாட்ட வச்சு கண்டுபுடிச்சேன்.

மார்க் வேணும்னு கேக்கறவங்களுக்கு, கன்ட்ரோல் பத்துக்கு எட்டு. சொந்த உணர்வு, கைய முன்னாடி வச்சிருந்தா ஒம்போது, பின்னாடி கொண்டு போனா ரெண்டு. வாங்கறவங்க மொத வேலையா "உயிரோட்டம்" சுவிட்ச அணைங்க, ரெண்டாவது வயர் போடுங்க, மூணாவது முழங்கை டிராக்கர் காசையும் விலைல சேத்தே கணக்கு பண்ணுங்க. விஆர்ல மீட்டிங் வைக்கறவங்க முக்கியமான எதுக்கும் தலயாட்டல ஏத்துக்காதீங்க, வாயால கேளுங்க.

ரிட்டர்ன் பண்ண 30 நாள் டைம், இன்னும் நாலு நாள் இருக்கு. பெட்டி, தெர்மாக்கோல் எல்லாம் பரண்ல பத்திரமா இருக்கு. நேத்து ராத்திரி அக்கா பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தா, வர்ற ஞாயித்துக்கெழம வர்றாளாம், வால் கலர மட்டும் மாத்தி வைக்க சொன்னா, வெள்ள நுனி வேணுமாம். பதில் இன்னும் போடல, ஆனா நுனிய வெள்ளயாக்கிட்டேன்.